நமது நிருபர்

பார்சல் வந்தது. அனுப்பியவர் சீனத்துப் பேரரசர். பெற்றுக்கொண்டவர் சில்லா நாட்டு ராஜா. பிரித்துப் பார்த்தால் துணிமணிகளோடு ஏதோ ஒரு வஸ்து. கமகமவென்று மணக்கிறது. அதற்கு மேல் சபையில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தின்கிற சாமானா? தேய்த்துக் குளிப்பதா? கஷாயம் வைப்பதா? சொல்வதற்கு ஆளில்லை. பேரரசர் கொடுத்ததைத் தூக்கிப் போடவும் முடியாது. என்ன செய்வார்கள் பாவம்? அந்த வஸ்துவைக் கையில் கொடுத்து ஊர் ஊராக ஆளனுப்பினார்கள். இது என்ன, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓர் ஊரில் மோர்யே என்று ஒருவர். வீட்டுக்குள் நிலவறை மாதிரி ஓர் அறை தோண்டி, அதில் ஓர் அந்நியரைத் தங்கவைத்திருந்தார். அந்த ஆள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இதைக் கொளுத்த வேண்டும். புகை மேலே போகும். மணம் தெய்வத்தைப் போய்ச் சேரும்.

அட, சாம்பிராணி விவகாரம் சார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் அரசர் மகளுக்கு உடம்பு முடியாமல் போனது. அதே அந்நியரைக் கூப்பிட்டார்கள். அவர் அந்த வாசனைப் பொருளைக் கொளுத்திப் பிரார்த்தனை செய்தார். பெண் பிழைத்துக்கொண்டாள். அரசர் மகிழ்ந்து பரிசுகளை அள்ளிக் கொடுத்தார். மனிதர் அதையெல்லாம் கொண்டுபோய் மோர்யேயிடம் கொடுத்துவிட்டு, எனக்கு வேறிடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

கொரியாவின் தென்கிழக்கு மூலையில் இருந்த சில்லா ராஜ்ஜியத்துக்குப் பௌத்தம் நுழைந்த கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1145-ல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' என்னும் சரித்திர நூலில் இது இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் இர்யோன் என்கிற துறவி தொகுத்த 'சம்குக் யூசா'விலும் இருக்கிறது. சம்பவம் நடந்தது நுல்ஜி என்ற அரசர் காலம், அதாவது 417-க்கும் 458-க்கும் நடுவே. பரிசு அனுப்பியது சீனத்து லியாங் வம்சம். இங்கேதான் இடிக்கிறது. லியாங் வம்சம் ஆட்சிக்கு வந்ததே 502-ல். பிறக்காத வம்சம் பார்சல் அனுப்புமா? இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இர்யோனே கண்டுபிடித்து, இது தப்பாக இருக்க வேண்டும் என்று குறித்துவைத்துவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அப்படி ஒரு பொறுப்பான உதவி ஆசிரியர்!

தேதி கிடக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அந்த மனிதரின் பெயர்.

முகோஜா என்று எழுதியிருக்கிறார்கள். அது பெயரே இல்லை. கறுப்பு அந்நியன் என்று அர்த்தம். அம்மா அப்பா வைத்த பெயர் என்ன, எந்த ஊர், எந்த மொழி, ஒன்றும் கிடையாது. ஒரு நாட்டுக்கே மதத்தின் முதல் வாசனையைக் காட்டியவரைத் தோல் நிறத்தை வைத்துக் குறித்துக்கொண்டார்கள். முடிந்தது.

நான் பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். வந்த புதிதில் இரண்டு வருடம் நான் எழுதியதெல்லாம் 'நமது நிருபர்' என்றுதான் அச்சானது. என் அப்பா அவற்றையெல்லாம் கத்தரித்து ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒட்டிவைப்பார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். 'என் பையன் எழுதினது சார்.' அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டுக் கேட்பார்: 'பேரு எங்க சார் இருக்கு?' அப்பா 'நமது நிருபர்' மீது விரலை வைப்பார். 'இதான்.'

அதனால்தானோ என்னவோ, முகோஜா மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மதமோ கணக்கோ மருந்தோ, ஒரு விஷயம் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போகிறது என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். தானாகவா போகிறது? யாரோ தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். அவன் யார்?

கொரியா அப்போது ஒரே நாடு இல்லை. வடக்கே கோகுர்யோ, தென்மேற்கே பேக்ஜே, தென்கிழக்கே சில்லா. மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. அதாவது, தினமும் சண்டை. மூன்று நாட்டுக்கும் பௌத்தம் மூன்று தனித்தனி வழியில், தனித்தனி வேகத்தில் போய்ச் சேர்ந்தது.

வணிகவியல் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் முதலில் கண்ணில் படும். கோகுர்யோவின் கணக்கைப் பாருங்கள். 342-ல் மேற்கே இருந்த யான் நாட்டுக்காரர்கள் புகுந்து தலைநகரைச் சூறையாடினார்கள். 371-ல் தெற்கே இருந்து பேக்ஜே படை வந்து அரசரையே கொன்றது. மகன் சொசுரிம் பட்டத்துக்கு வருகிறார். கஜானா காலி, கௌரவம் காலி, தகப்பனாரும் இல்லை. ஒரே ஒரு நல்ல சேதி. யான் நாட்டை 370-ல் இன்னொருவர் விழுங்கிவிட்டார். சாங்கானைத் தலைநகராகக் கொண்டு வட சீனத்தை ஆண்ட ஃபூ ஜியான். இந்த ஃபூ ஜியான் பௌத்தத்தை ஆதரித்தவர்.

372-ல் ஃபூ ஜியானின் தூதர் கோகுர்யோவுக்கு வருகிறார். கூடவே சுன்தோ என்றொரு துறவி, புத்தர் சிலை, சூத்திரச் சுவடிகள். சொசுரிம் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிப் பதில் மரியாதையும் அனுப்பினார். அதே ஆண்டில் அரசாங்கக் கல்விக்கூடம் திறந்தார். அடுத்த ஆண்டு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். 374-ல் ஆதோ என்று இன்னொரு துறவி வந்தார். 375-ல் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மடம் கட்டிக்கொடுத்தார்கள்.

மதம், கல்வி, சட்டம். மூன்றும் மூன்று வருடத்துக்குள். உடைந்துபோன ஒரு நாட்டை எடுத்துக் கட்டுகிறவன் வாங்கிய சாமான் பட்டியல் இது. ராஜா நிர்வாணம் அடைய ஆசைப்பட்டாரா என்று நமக்குத் தெரியாது. ராஜ்ஜியம் நிலைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் சந்தேகமில்லை.

ஆனால் 372 என்பது அரசிதழில் வந்த தேதி. நிஜம் அதற்கு முன்னாடியே நடந்துவிட்டது. தென் சீனத்தில் ட்சீ துன் என்று ஒரு துறவி. அவர் கோகுர்யோவில் இருந்த ஒரு துறவிக்குக் கடிதம் எழுதியதாகப் பதிவு இருக்கிறது. ட்சீ துன் இறந்தது 366-ல். ஆக, ராஜாவுக்குத் தெரிவதற்குக் குறைந்தது ஆறு வருடம் முன்பே அந்த ஊரில் கடிதம் வாங்குகிற அளவுக்கு ஒரு துறவி உட்கார்ந்திருக்கிறார். கடிதம் பெற்றவர் பெயர்? இல்லை. கோகுர்யோ துறவி, அவ்வளவுதான். இன்னொரு நமது நிருபர்.

பேக்ஜே வேறு ஏஜென்சி எடுத்திருந்தது. எதிரி வடக்கே வாங்கினால் நான் தெற்கே வாங்குகிறேன். அவர்களுக்குத் தென் சீனத்துச் ஜின் வம்சத்தோடு சகவாசம். நடுவே மஞ்சள் கடல்தான். 384-ல் ஜின் நாட்டிலிருந்து மாரானந்தா என்கிற துறவி வந்து இறங்கினார். 'சம்குக் சாகி' அவரை அந்நிய நாட்டுத் துறவி என்று மட்டும் சொல்கிறது. 1215-ல் எழுதப்பட்ட கொரியத் துறவிகள் வரலாறு, அவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்கிறது. பேக்ஜே அரசர் சிம்ன்யு அவரை எதிர்கொண்டு அழைத்து அரண்மனையிலேயே தங்கவைத்தார். மறு ஆண்டே ஹான்சானில் மடம் எழும்பியது. பத்துப் பேர் துறவு பூண்டார்கள். அதே 385-ல் சிம்ன்யு இறந்துபோனார். வடக்கே சுன்தோவை அனுப்பிவைத்த ஃபூ ஜியானும் அதே வருடம்தான் கொல்லப்பட்டார். முதல் போட்ட இரண்டு முதலாளிகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடை மட்டும் ஆயிரத்து அறுநூறு வருடம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

மாரானந்தா என்ற பெயரை நான் முதலில் கேட்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சில வருடங்கள் முன்பு எங்கள் அடுக்ககத்தில், கீழ்த்தளத்தில், ஒரு கொரியக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் பொறியாளர். அவருடைய பெண் குழந்தை மாடிப்படியில் நின்று 'அப்பா!' என்று கத்தினால் நானும் திரும்பிப் பார்ப்பேன். என் மகள் கத்தினால் அவர் திரும்பிப் பார்ப்பார். அவர்கள் மொழியிலும் அப்பா அப்பாதான். (உடனே தமிழும் கொரிய மொழியும் ஒன்று என்று கிளம்பிவிடாதீர்கள். 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்கிற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உலகத்துக் குழந்தைகள் பாதிப் பேர் அம்மா அப்பாவைக் கிட்டத்தட்ட இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருவரும் படியேறிக்கொண்டிருந்தோம். மனிதர் திடீரென்று நின்று, 'மாரானந்தா தெரியுமா சார்?' என்றார். அவருடைய ஆங்கிலத்தை நான் இப்படித் தமிழ்ப்படுத்திக்கொள்கிறேன். தென்மேற்குக் கொரியாவில் யோங்குவாங் என்ற இடத்தில் கடலோரமாக ஒரு சின்னத் துறை. பொப்சோங்போ. மாரானந்தா வந்து இறங்கியது அங்கேதான் என்பது அந்த ஊர் ஐதீகம். இவருக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர். 'அவர் உங்க ஊர்க்காரர். நீங்க அனுப்பினீங்க. எங்களுக்கு வந்துச்சு. இப்ப உங்ககிட்ட இருக்கா?'

குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கும்பிடுவதற்குப் பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் வேண்டும், அவ்வளவுதான். எழும்பூரில் மகாபோதி சங்கம் இருக்கிறது என்று வழி சொன்னேன். சந்தோஷமாகப் போய்விட்டார். 'இப்ப உங்ககிட்ட இருக்கா' மட்டும் படியிலேயே நின்றுகொண்டது.

இதுவரைக்கும் பார்த்தது வரவு. செலவு சில்லாவில் இருக்கிறது.

கோகுர்யோவிலும் பேக்ஜேயிலும் ராஜா சரி என்றதும் முடிந்துவிட்டது. சில்லாவில் அப்படி இல்லை. அங்கே பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. ஒவ்வொரு குலத்துக்கும் சொந்தமாகத் தெய்வங்கள் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு புத்தர் வந்து உட்கார்ந்தால் அந்தக் குலப் பெருமை என்ன ஆவது? பொப்ஹுங் என்ற அரசர் 520-ல் சட்டங்கள் இயற்றினார். அடுத்து பௌத்தம் என்றார். பிரபுக்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். மொட்டைத் தலை, விசித்திர உடுப்பு, புரியாத பேச்சு, இதெல்லாம் நமக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி.

அரசவையில் இச்சாதோன் என்று ஓர் இளைஞன். இருபது சொச்சம் வயது. அவன் அரசரிடம் ஒரு யோசனை சொன்னதாக நூல்கள் சொல்கின்றன. பழியை என் மீது போட்டு என் தலையை வெட்டச் சொல்லுங்கள். பிரபுக்கள் அடங்குவார்கள். அரசர் மறுத்துப் பார்த்திருக்கிறார். பையன் விடவில்லை. 527-ல் தலை விழுந்தது. வெட்டிய கழுத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை ரத்தம் பீய்ச்சியடித்தது என்பது ஐதீகம். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பௌத்தம் சில்லாவின் மதமானது.

வெள்ளை ரத்தத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சுமார் முந்நூறு வருடம் கழித்து, 818 வாக்கில், அவனுக்கு ஒரு கல்தூண் எடுத்தார்கள். க்யோங்ஜு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை தரையில் கிடக்கிறது, கழுத்திலிருந்து ரத்தம் மேலே எழும்புகிறது. அந்தச் சிற்பத்தின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அதிசயம் தோன்றுவதில்லை. வேறொன்று தோன்றுகிறது. அரசாங்கம் ஒரு முடிவெடுக்க வேண்டும். அதற்கு ஒரு தலை தேவைப்படுகிறது. இருபது சொச்சம் வயதில் ஒரு பையன் கிடைக்கிறான். அவன் வீட்டில் அன்று ராத்திரி யார் சாப்பிட்டிருப்பார்கள்?

அதற்குப் பிறகு சில்லாக்காரர்கள் காட்டிய வேகம் கொஞ்சநஞ்சமில்லை. சில்லா அரசர் ஒருவர் சுத்தோதனர் என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்துக்கொண்டார். ராணிக்கு மாயா. புத்தரின் அப்பா அம்மாவாகவே ஆகிவிட்டார்கள்! 574-ல் ஹ்வாங்ன்யோங் விகாரையில் பிரம்மாண்டமான புத்தர் சிலையை வார்த்தார்கள். அதற்கும் ஒரு கதை. அசோகச் சக்ரவர்த்தி சிலை செய்யப் பார்த்து முடியாமல், இரும்பையும் பொன்னையும் கப்பலில் ஏற்றி, எந்த நாட்டில் முடிகிறதோ அங்கே முடியட்டும் என்று கடலில் விட்டாராம். அது எங்கெங்கோ சுற்றிச் சில்லாவில் கரை ஒதுங்கியதாம். அசோகர் செத்து எண்ணூறு வருடம் ஆகியிருந்தது அப்போது. அத்தனை வருடமா மிதந்தது என்று கேட்காதீர்கள். கடன் வாங்கிய மதம் இல்லை, எங்கள் விலாசத்துக்கே எழுதப்பட்டு வந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜனத்துக்கு எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி ஒரு கதை பிறக்கும்!

இதே ஆசை நமக்கும் உண்டு. கி.பி. 48-ல் அயுதா நாட்டு இளவரசி கப்பலேறிப் போய்க் கொரிய ராணியானாள் என்ற 'சம்குக் யூசா' கதையை எடுத்துக்கொண்டு, அயுதா என்பது அயோத்திதான் என்று வடக்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள், 2001-ல். இல்லையில்லை, அவள் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழச்சி என்று நம்மாட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. அந்த ராணி வந்த காலத்தில் நாட்டுக்குப் பௌத்தம் வந்திருக்கவில்லை, அவளுக்காக விகாரை கட்டியதே 452-ல்தான் என்று அதே நூல் நிதானமாகச் சொல்வதை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

நமக்கு நிஜமான உறவு ஒன்று இருக்கிறது. அதில் ராணி கிடையாது. வாத்தியாரும் மாணவனும்தான். வஜ்ரபோதி என்ற தென்னிந்தியத் துறவி. நாலந்தாவில் படித்தவர், காஞ்சிப் பல்லவ அரசவையோடு பழக்கம் உள்ளவர். இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடல் மார்க்கமாகப் போய் 720 வாக்கில் சீனத்தில் இறங்கினார். அங்கே அவரிடம் வந்து சேர்ந்தான் ஹ்யெச்சோ என்கிற சில்லா நாட்டு வாலிபன். அப்புறம் அவனும் கப்பலேறி இந்தியா வந்தான். குசிநகரம், காசி, மகதம் என்று சுற்றி, காஷ்மீர், காந்தாரம், பாமியான் வழியாக நடந்து 727-ல் மத்திய ஆசியாவின் கூச்சா நகருக்குப் போய்ச் சேர்ந்தான். பார்த்ததையெல்லாம் எழுதினான். ஊர் ஞாபகம் வந்தபோது கவிதையும் எழுதினான். ஊருக்கு மட்டும் திரும்பவில்லை. சீனத்திலேயே கிழவனாகிச் செத்துப்போனான்.

அவன் எழுதியது தொலைந்து, 1908-ல் துன்ஹுவாங் குகையில் பால் பெல்லியோ என்கிற பிரெஞ்சு அறிஞர் கையில் கிடைத்தது. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. நடுப்பகுதிச் சுருள் மட்டும். அதாவது தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டிய இடம் காலி. பெல்லியோ ஒரு பழைய சொல்லகராதியை வைத்து இது ஹ்யெச்சோ எழுதியது என்று பிடித்தார். அவன் சில்லாக்காரன் என்பதை 1915-ல் தக்காகுசு என்கிற ஜப்பானிய அறிஞர் கண்டுபிடித்தார். சுருள் இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில். 2010 டிசம்பரில் ஒரு கண்காட்சிக்காக அதைச் சியோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் போகாத ஊருக்கு எழுத்து போய்ச் சேர ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருடம் ஆயிற்று. அதுவும் இரவலாக.

ஹ்யெச்சோவுக்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் பாவம். இத்சிங் என்ற சீனத் துறவி, இந்தியாவைத் தேடிவந்த துறவிகள் ஐம்பத்தாறு பேரின் வரலாற்றை ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்தார். அதில் ஏழெட்டுப் பேர் கொரியர்கள். அவர்கள் நாட்டுக்கு இந்தியாவில் குக்குடேஸ்வரம் என்று பெயராம். சேவலைக் கும்பிடுகிறவர்களின் தேசம். ஆரியவர்மன் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு சில்லாத் துறவி நாலந்தாவில் எழுபது வயதுக்கு மேல் இறந்தார். திரும்பிப் போக ஆசைப்பட்டார், நடக்கவில்லை என்கிறார் இத்சிங். இன்னும் இரண்டு சில்லாக்காரர்கள் ஸ்ரீவிஜயம் தாண்டிக் கப்பலில் வரும்போது நோய்கண்டு வழியிலேயே இறந்தார்கள். பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறார். தெரியாததையும் ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

வந்தவர் மாரானந்தா, போனவர் ஆரியவர்மன். கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. கீழ்த்தளத்துக்காரர் கேட்ட 'இப்ப உங்ககிட்ட இருக்கா'வுக்கு இத்தனை நாள் கழித்து எனக்குத் தோன்றுவது இதுதான். இங்கே இருக்கிறதா, அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது மூட்டை இல்லை. நடந்தவர்களின் காலில் இருந்தது. கால் நிற்கிற இடத்தில் அது இறங்கியது.

கடைசியாக ஒருவர். இத்சிங் நாலந்தாவில் பழைய சுவடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றின் அடியில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. புத்தர் பல்துலக்கிய குச்சி வேர்விட்டு வளர்ந்ததாக அங்கே ஒரு மரத்தைச் சொல்வார்கள். அதன் அடியில் உட்கார்ந்து சில்லாத் துறவி ஹ்யேயோப் இதை எழுதினான் என்று இருந்தது. விசாரித்தார். அவர் இங்கேயே இறந்துவிட்டார், அறுபது வயது வாக்கில் என்றார்கள் விகாரைக்காரர்கள். அவர் படியெடுத்த சமஸ்கிருதச் சுவடிகள் அங்கேயே இருந்தன. 1200 வாக்கில் நாலந்தா அழிந்தது. சுவடிகள் போயின. மரமும் இல்லை.

ஊர் பெயர், ஆள் பெயர், எழுதிய இடம். மூன்றையும் அடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது மட்டும் இருக்கிறது.